ரஷ்யன் ஆர்க்: "கதை எங்கே?" என்று கேட்டவர்களுக்கு

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் குடியிருப்பாளர் அறையில் பத்துப் பதினைந்து பேர் கூடிப் படம் பார்க்கிறோம். பழைய புரொஜெக்டர், சுவரில் வெள்ளைத் துணி, யாராவது கொண்டுவரும் வடை. ரஷ்யன் ஆர்க் படத்தை இதுவரை மூன்று முறை போட்டிருக்கிறேன் (ஆமாம், நான்தான் வற்புறுத்தினேன்). மூன்று முறையும் படம் முடிந்து உணவங்காடியில் தே குடிக்க உட்கார்ந்ததும் அதே கேள்விகள், அப்புறம் வாட்ஸ்அப்பில் மறுபடியும் அதே கேள்விகள். தனித்தனியாகப் பதில் தட்டிக் கட்டைவிரல் தேய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போடுகிறேன்.

நான் சினிமாக்காரன் இல்லை, கப்பல் பட்டறையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். கடைசிக் காட்சியைப் பற்றியும் பேசியிருக்கிறேன், ஆனால் இந்தப் படத்தில் கதையைச் சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வர முடியாது. ஏன் என்று இரண்டாவது கேள்வியில் தெரியும்.

"இது என்ன படம்ணே? சுருக்கமா சொல்லுங்க."

2002-ல் வந்த ரஷ்யப் படம், இயக்கியவர் அலெக்சாந்தர் சோகுரோவ். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் ஜார் மன்னர்கள் வாழ்ந்த குளிர்கால அரண்மனை இருக்கிறது, இப்போது அது ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. அதற்குள் ஒரு கேமரா நுழைந்து, 33 அறைகளைக் கடந்து, ஏறத்தாழ முந்நூறு வருட ரஷ்ய வரலாற்றுக்குள் நடந்துபோய் மறுபக்கம் வந்து நிற்கிறது. நடித்தவர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல், இசைக்குழுக்கள் மூன்று. எல்லாமே ஒரே ஷாட்டில், நடுவில் ஒரு வெட்டுகூடக் கிடையாது. அதே வருடம் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிட்டார்கள்.

"கதை என்ன? கதையே இல்லையாமே?"

இருக்கிறது, எழுதினால் அரைப் பக்கம் வரும். படம் இருட்டில் தொடங்குகிறது. ஒரு குரல் பேசுகிறது: கண்ணைத் திறந்தேன், ஒன்றும் தெரியவில்லை, ஏதோ விபத்து, எனக்கு என்ன ஆயிற்று என்று நினைவில்லை என்று. அந்த ஆளைக் கடைசிவரை நாம் பார்க்க மாட்டோம். கேமராதான் அவருடைய கண், குரல் கொடுத்தவர் சோகுரோவே. பனிக்குளிரில் சில ராணுவ அதிகாரிகளும் அலங்கரித்துக்கொண்ட பெண்களும் வண்டியிலிருந்து இறங்கிச் சிரித்துக்கொண்டே அரண்மனையின் ஒரு சின்ன வாசல் வழியாக ஓடுகிறார்கள், இவரும் பின்னாலேயே போகிறார். உள்ளே கறுப்பு உடை போட்ட ஓர் ஐரோப்பியர் சேர்ந்துகொள்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் அறை அறையாகப் போகிறார்கள், ஒவ்வொரு கதவுக்கு அந்தப் பக்கமும் வேறு வேறு காலம். அவ்வளவுதான்.

யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள், கடைசியில் கிடைத்ததா இல்லையா என்ற கணக்கே இதில் இல்லை. கதை இல்லை என்று சொல்கிறவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள், நியாயமான புகார்தான். இதன் தொழில்நுட்பத்தைப் புகழ்கிறவர்களை எங்கே பார்த்தாலும் பார்க்கலாம், கதைக்காகப் புகழ்ந்த ஓர் ஆளை இன்னும் நான் சந்திக்கவில்லை.

"ஆர்க்னா என்ன? வில்லா, வளைவா?"

இரண்டும் இல்லை, பேழை. உலகமே வெள்ளத்தில் மூழ்கியபோது நோவா உயிர்களை ஏற்றிக்கொண்டு மிதந்த அந்தப் பேழை. நம் பக்கத்துக் கதையில் மச்ச அவதாரம் இழுத்துக்கொண்டுபோன மனுவின் படகு மாதிரி. படத்தில் அந்தக் கப்பல் அரண்மனைதான் என்பது கடைசி நிமிடத்தில்தான் விளங்கும், அதனால் கடைசிக் கேள்வியில் வைத்துக்கொள்வோம்.

"ஒரே ஷாட்னா நெஜமாவே ஒரே ஷாட்டா? நடுவுல ஒட்டியிருப்பாங்க, நமக்குத் தெரியாது."

சந்தேகப்படுவதில் தப்பே இல்லை, ஏனென்றால் ஒரே ஷாட் மாதிரி தெரிகிற பிரபலமான படங்களில் பலவும் ஒட்டியவைதான். ஹிட்ச்காக் 1948-ல் எடுத்த ரோப் படத்தில் கேமரா ஒருவருடைய கோட்டின் முதுகுக்கு நெருங்கிப் போய் இருட்டாகும், அங்கே ரீல் மாறியிருக்கும். 2014-ல் வந்த பேர்ட்மேன், 2019-ல் வந்த 1917, இரண்டிலும் தூண், இருட்டு, கேமரா சட்டென்று திரும்புவது என்று பல இடங்களில் ஒட்டை ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

ரஷ்யன் ஆர்க்கில் அப்படி ஒட்டு இல்லை. 2001 டிசம்பர் 23 அன்று ஏறத்தாழ 90 நிமிடம் நிறுத்தாமல் ஓடிய ஒரே பதிவு இது. அதற்காக எடுத்ததை அப்படியே கொண்டுவந்து திரையில் போட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பிறகு கணினியில் நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றினார்கள், சட்டகத்தைச் சரிசெய்தார்கள், ஒலி மொத்தமும் பின்னால் சேர்த்தது. வெட்டு இல்லை என்பது உண்மை, கைவைக்கவில்லை என்பது உண்மை இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் சண்டை போடுகிறார்கள்.

"அப்போ அதுக்கு முன்னாடி ஏன் யாரும் செய்யல? யாருக்கும் தோணலையா?"

தோன்றியிருக்கும், கேமரா விட்டிருக்காது. 35 எம்.எம். ஃபிலிமில் 1000 அடி ரீல் போட்டால் சுமார் 11 நிமிடம் ஓடும், அதற்கு மேல் ரீல் மாற்றியே ஆகவேண்டும். ஹிட்ச்காக் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்ததற்குக் காரணமும் அதுதான். வீடியோ வந்த பிறகு டேப் நீளமானது, ஆனால் சோகுரோவுக்கு வேண்டிய ஹெச்.டி. தரத்தில், கேமராவுக்குள் போடுகிற டேப் ஒன்றரை மணி நேரம் ஓடாது.

சோகுரோவின் ஆட்கள் டேப்பையே விட்டுவிட்டார்கள். சோனியின் ஹெச்.டி. கேமராவிலிருந்து வரும் படத்தைச் சுருக்காமல் நேராக ஒரு ஹார்டு டிஸ்க்கில் பதிந்தார்கள். இதற்கென்றே தயார் செய்த கருவி, கொள்ளளவு 100 நிமிடம். கேமராக்காரருக்குப் பின்னால் உதவியாளர் ஒருவர் அதைச் சுமந்துகொண்டே நடந்தார். இன்று கேட்டால் சிரிப்பு வரும், 2001-ல் அது எல்லைக்கோடு.

"கேமராவ யாரு தூக்கினது? அவருக்குக் கை வலிக்காதா?"

டில்மன் பியூட்னர் என்ற ஜெர்மானியர். ரன் லோலா ரன் படத்தில் ஸ்டெடிகேம் பிடித்தவர், லோலா ஓடும்போது கூடவே ஓடியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெடிகேம் என்பது எழுபதுகளில் காரெட் பிரவுன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. கேமராவைக் கையில் பிடிப்பதில்லை. உடம்பில் ஒரு கவசம் மாட்டி, அதிலிருந்து ஸ்பிரிங் வைத்த கை ஒன்று நீளும், கேமரா அதன் முனையில் உட்காரும். நடக்கிறவரின் குலுக்கலை ஸ்பிரிங் வாங்கிக்கொள்வதால் படம் மிதக்கிற மாதிரி இருக்கும்.

எடை கைக்குப் போகாது, இடுப்புக்கும் முதுகுக்கும் போகும். தைப்பூசத்தில் அலகுக் காவடி எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சட்டத்தின் எடை தோளிலும் இடுப்பிலும் எப்படி உட்காருகிறது, எந்த நிமிடத்தில் அது எடை என்பதே மறந்துபோய் எந்த நிமிடத்தில் மறுபடி ஞாபகம் வருகிறது என்று சொல்வார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி மூன்று வருடம் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் எடுத்தவன். படம் பார்த்து முடித்து அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, அந்த ஆளுக்கு நடுவுல உட்கார ஸ்டூல் குடுத்தாங்களா?" காவடிக்குக் கொடுப்பார்கள், இவருக்கு இல்லை. நின்றால் கேமராவும் நிற்கும், அது படத்தில் தெரியும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை, படிக்கட்டு வேறு.

"எத்தனை டேக் எடுத்தாங்க?"

நான்காவது முயற்சியில் கிடைத்தது. முதல் மூன்றும் தொழில்நுட்பக் கோளாறால் பாதியில் நின்றன.

நான்கு என்ற எண்ணைக் கேட்டுவிட்டு "அவ்வளவுதானா, எங்க பிள்ளை டிக்டாக்குக்கே இருபது டேக் எடுக்குது" என்றார் ஓர் அக்கா. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அருங்காட்சியகம் அவர்களுக்கென்று மூடியிருந்தது அந்த ஒரு நாள்தான். டிசம்பர் கடைசியில் அந்த ஊரில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்கூட இல்லை, ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் போய்விட்டால் எல்லாம் போச்சு. இரண்டாயிரம் பேர் வேஷம் கட்டிக்கொண்டு அவரவர் அறையில் காத்திருக்கிறார்கள். பேட்டரியோ இன்னும் ஒரு முறைக்குத்தான் தாங்கும் என்ற நிலை. எங்கள் பட்டறையில் இருநூறு டன் பாகத்தை கிரேனில் தூக்கும் நாள் இப்படித்தான் இருக்கும். மாதக்கணக்கில் திட்டம், ஒத்திகை, கூட்டம். கயிறு இறுகியபிறகு எவனும் "கொஞ்சம் இரு" என்று சொல்ல முடியாது.

"நடிகர் யாராவது வசனத்தை மறந்தா என்ன பண்ணுவாங்க?"

மேலே ஒட்டு பற்றிய பதிலில் ஒலி பின்னால் சேர்த்தது என்றேன் இல்லையா, அதுதான் காப்பாற்றியது. படப்பிடிப்பில் பதிவான சத்தத்தை வைத்துக்கொள்ளவில்லை. யாராவது தப்பு செய்யும்போதெல்லாம் தான் வாய்விட்டுத் திட்டியதாகவும், அதெல்லாம் பதிவாகிவிடும் என்பதால் ஒலியைத் தனியாக எடுத்ததாகவும் பியூட்னரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அரசகுமாரிகள் தேவதை மாதிரி மிதந்து போகும் காட்சியில் பின்னணியில் ஜெர்மன் வசவு ஓடியிருக்கலாம் என்று தெரிந்த பிறகு படம் எனக்கு இன்னும் பிடித்துவிட்டது.

"எனக்கு அரை மணி நேரத்துல தூக்கம் வந்துடுச்சு. எனக்குத்தான் ரசனை இல்லையா?"

இல்லை. முதல் முறை எனக்கும் வந்தது. நடுவில் ஓவியங்கள் மாட்டிய கூடங்களில் அந்த ஐரோப்பியர் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று முகர்ந்து பார்த்து வியாக்கியானம் செய்யும் பகுதி நீளம்தான், அதை நீளம் என்று சொல்ல யாரும் பயப்படவேண்டாம். நாம் வழக்கமாகப் பார்க்கும் படத்தில் சில விநாடிக்கு ஒருமுறை காட்சி வெட்டுப்படும். கண் அந்தத் தாளத்துக்குப் பழகியிருக்கிறது, அது வராதபோது மூளை வேலை முடிந்தது என்று படுத்துவிடுகிறது.

ஒரு சின்ன யோசனை. சப்டைட்டிலைத் துரத்தாதீர்கள். பாதி வசனம் முணுமுணுப்பு, தெரிந்துகொண்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. அதற்குப் பதிலாக அடுத்த கதவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேமரா அந்தக் கதவுக்கு எப்படிப் போய்ச் சேரப்போகிறது, யார் வழிவிடுவார்கள், யார் குறுக்கே வருவார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தால் தூக்கம் வராது. எங்கள் வீட்டில் பெரியம்மாவுக்கு ரஷ்ய மொழியும் தெரியாது ஆங்கிலமும் அரைகுறைதான், எங்களில் எவரையும்விட விழிப்பாகப் பார்த்தவர் அவர்தான். தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர், இரண்டு அடவுக்கு நடுவே ஒன்றும் நடக்காத நேரத்தில் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர்.

"ரஷ்ய வரலாறு தெரியாம பார்த்தா புரியுமா?"

முக்கால்வாசி புரியாது, ஆனால் நாலைந்து ஆட்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஆரம்பத்தில் ஒரு தளபதியைப் போட்டு அடிப்பவர் மகா பீட்டர், அந்த நகரத்தையே கட்டியவர். நாடக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒதுங்க இடம் தேடி ஓடும் அம்மாள் மகாராணி கேத்தரின், ஹெர்மிடேஜ் ஓவியச் சேகரிப்பைத் தொடங்கியவர். பின்னால் அதே கேத்தரின் கிழவியாகிப் பனி மூடிய தோட்டத்தில் விலகிப்போகும் காட்சி வரும், கேமராவும் அவர் பின்னால் கதவைத் தாண்டி வெளியே போகும். (ஏர்கான் மாலிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து மூடிக்கொள்வது நமக்குத் தெரியும். அங்கே குளிரிலிருந்து கதகதப்புக்குள் நுழையும்போது லென்ஸுக்கு அதே ஆபத்து. அந்த இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பேன்.) பெரிய மண்டபத்தில் பாரசீகத் தூதுக்குழு வந்து முதலாம் நிக்கோலஸிடம் மன்னிப்புக் கேட்கிறது, காரணம் 1829-ல் டெஹ்ரானில் ரஷ்யத் தூதர் கிரிபோயேதோவ் கொல்லப்பட்டது. சின்னப் பிள்ளைகளோடு அமைதியாகத் தேநீர் அருந்தும் குடும்பம் இரண்டாம் நிக்கோலஸுடையது, கடைசி ஜார். 1918-ல் அந்தக் குடும்பத்தையே சுட்டுக்கொன்றார்கள் என்று தெரிந்தால் அந்த மேசையைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

இன்னொரு அறை இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். போகவேண்டாம் என்று குரல் தடுத்தும் ஐரோப்பியர் ஒரு கதவைத் திறந்துவிடுவார். உள்ளே குளிர், வெற்றுச் சட்டங்கள், ஓர் ஆள் சவப்பெட்டி செய்துகொண்டிருப்பான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படை அந்த நகரத்தை 1941-லிருந்து 1944 வரை முற்றுகையிட்டது, பசியிலும் குளிரிலும் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். அருங்காட்சியகத்தின் ஓவியங்களை முன்கூட்டியே யூரல் பக்கம் அனுப்பிவிட்டுச் சட்டங்களை மட்டும் சுவரிலேயே விட்டிருந்தார்கள். மொத்தப் பளபளப்புக்கும் நடுவில் இருட்டான ஒரே அறை அதுதான், ஓரிரு நிமிடத்தில் கேமரா அங்கிருந்து நழுவிவிடுகிறது.

"அந்தக் கறுப்பு டிரஸ் ஆளு பேயா? சிலபேரு அவரைப் பார்க்கிறாங்க, சிலபேரு பார்க்கல."

படத்தில் பெயர் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் மார்க்கி த கஸ்தீன் என்ற பிரெஞ்சுப் பிரபு, 1839-ல் ரஷ்யா போய்வந்து அந்த நாட்டைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு பயண நூல் எழுதியவர். ரஷ்யர்களுக்குச் சொந்தமாக ஒன்றுமில்லை, எல்லாம் ஐரோப்பாவைப் பார்த்துக் காப்பியடித்தது என்கிற ரகம். படம் முழுக்க அவர் அதையே சொல்லிக்கொண்டிருப்பார், குரல் தயங்கித் தயங்கி மறுக்கும்.

பேயா என்றால், இருக்கலாம். குரலை அவர் ஒருவர் தவிர யாரும் உணர்வதில்லை, அவரைச் சிலர் பார்த்து வெளியே துரத்துகிறார்கள், சிலர் ஊடுருவிக் கடந்துபோகிறார்கள். இதற்கு விதி ஏதாவது உண்டா என்று நானும் காகிதம் வைத்துக் குறித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

"நம்ம பார்த்திபன் எடுத்த இரவின் நிழலும் இதுவும் ஒண்ணா?"

இரண்டும் ஒரே ஷாட், அதோடு ஒற்றுமை முடிந்தது. 2022-ல் வந்த இரவின் நிழலில் ஒரு மனிதனின் வாழ்க்கைக் கதை இருக்கிறது, அதை முன்னும் பின்னுமாகக் கலைத்துப்போட்டு ஒரே ஷாட்டில் சொல்லப் பார்த்தார் பார்த்திபன். ரஹ்மான் இசை, நம் ஆட்கள், நம் மொழி. அந்தத் துணிச்சலுக்கு நான் கைதட்டியவன். அப்படிக் கலைத்துப்போட்ட ஒரே ஷாட் படத்துக்கு முன்னோடி உண்டு, இரானில் ஷஹ்ராம் மொக்ரி எடுத்து 2013-ல் வந்த ஃபிஷ் அண்ட் கேட்.

எனக்கு உறுத்தியது ஒன்றுதான். இரவின் நிழலை தியேட்டரில் காட்டியபோது எப்படி எடுத்தோம், எத்தனை முறை தோற்றோம் என்கிற படத்தை முதலில் அரை மணி நேரம் காட்டிவிட்டுப் பிறகுதான் படத்தையே காட்டினார்கள். அதைப் பார்த்தபிறகு உள்ளே இருக்கும் மனிதனைப் பார்க்க முடியவில்லை, கேமரா வைத்துத் தள்ளும் டிராலி எங்கே ஒளிந்திருக்கிறது என்றே மனசு தேடியது. ரஷ்யன் ஆர்க்கை எங்கள் ஆட்களுக்கு முதல் முறை போட்டபோது ஒரே ஷாட் என்பதை நான் சொல்லவே இல்லை. எட்டுப் பேர் முழுப் படத்தையும் பார்த்தார்கள், கண்டுபிடித்தவர் மூன்று பேர். மற்ற ஐந்து பேரும் "என்னமோ மூச்சு முட்டுற மாதிரி இருந்துச்சு" என்றார்கள்.

"இப்பல்லாம் கைத்தொலைபேசியிலயே ரெண்டு மணி நேரம் எடுக்கலாம். இதுல என்ன அதிசயம்?"

பதிவு செய்வதில் இன்று ஒரு அதிசயமும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 2015-ல் வந்த விக்டோரியா என்ற ஜெர்மன் படம் பெர்லின் தெருக்களில் 138 நிமிடம் ஒரே ஷாட்டில் ஓடுகிறது, கொள்ளை, துரத்தல், எல்லாம் உண்டு. ஹார்டு டிஸ்க் சாதனை என்பதெல்லாம் பழைய பதக்கம்.

பழையதாகாதது மனிதர்களை நகர்த்திய விதம். கேமரா ஒரு கூடத்தைக் கடந்ததும் அங்கே நின்றவர்கள் வேலை முடிந்தது, அடுத்த கூடத்தில் இருப்பவர்கள் இது வரும் நொடிக்கு ஏற்கெனவே அந்த உலகத்தில் இருந்துகொண்டிருக்கவேண்டும். நமக்காகக் காத்திருந்த மாதிரி தெரியவே கூடாது. நூற்றுக்கணக்கானோர் ஆடும் நடனக் கூடத்தில் கேமரா ஜோடிகளுக்கு நடுவே புகுந்து போகிறது, ஒருவர் தோளும் இடிபடவில்லை. கல்யாண மண்டபத்தில் பந்தி வரிசையில் நின்றவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும்.

"நடுவுல இடைவேளை விட்டுப் பார்க்கலாமா?"

விடாதீர்கள். நாங்கள் விட்டோம், வேண்டுமென்று இல்லை. இரண்டாவது திரையிடலில் சுமார் ஐம்பதாவது நிமிடம் என் லேப்டாப் தன்பாட்டுக்கு அப்டேட் போட்டுக்கொண்டு அணைந்துவிட்டது. திரை நீலமானது. பின்வரிசையிலிருந்து ஒரு மாமா "அப்பாடா, கட் வந்துடுச்சு!" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். ட்யூப்லைட் போட்டு, நான் வியர்த்து விறுவிறுத்து மறுபடி ஓட்ட ஏழு நிமிடம் ஆயிற்று. அதே அறை, அதே ஆட்கள் திரையில் வந்தார்கள், ஆனால் நாங்கள் அரண்மனைக்குள் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தோம். அன்று படம் கடைசிவரை ஒட்டவில்லை.

சின்னத் திரையில் பார்க்கலாமா என்பவர்களுக்கு: பார்க்கலாம், அறையை இருட்டாக்கி, தொலைபேசியை வேறு அறையில் போட்டுவிட்டு. பெரிய திரையில் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். கானிங் ரைசில் ஆசியத் திரைப்படக் காப்பகம் நடத்தும் ஓல்டம் தியேட்டர் மாதிரி இடங்களின் நிகழ்ச்சி நிரலில் ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

"சரி, வெட்டி எடுத்திருந்தா என்னதான் குறைஞ்சிருக்கும்? அதே அரண்மனை, அதே டிரஸ்தானே?"

எனக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. கேட்டது உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண், பள்ளிக்காகக் குறும்படம் வெட்டிக்கொண்டிருக்கிறவள். ஒரு பதில் மேலேயே இருக்கிறது: அந்த நீலத் திரை. ஒரே ஒரு வெட்டு விழுந்ததும் என்ன குறைந்தது என்று அன்று பதினொரு பேர் உடம்பால் தெரிந்துகொண்டோம்.

இன்னொரு பதில் அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறது. இதே குளிர்கால அரண்மனையில், இதே பெரிய படிக்கட்டில், சோகுரோவுக்கு எழுபது வருடங்களுக்கு முன்பே ஒருவர் படம் எடுத்துவிட்டார். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன், படம் அக்டோபர், 1917 புரட்சியின் பத்தாம் ஆண்டுக்காக எடுத்தது. அவர் வெட்டுவதையே கலையாக்கியவர். இடைக்கால அரசின் தலைவர் கெரென்ஸ்கி அந்தப் படிகளில் ஏறுவார், வெட்டு, மறுபடி ஏறுவார், வெட்டு, மறுபடியும். ஆள் ஏறிக்கொண்டே இருப்பார், எங்கும் போய்ச் சேர மாட்டார், நடுவே பதவிப் பெயர்களும் சிலைகளும் வந்து குத்தும். பழையதைத் துண்டு துண்டாக்கிப் புதிதாக ஒட்டலாம் என்று நம்பிய காலத்துக்கு ஏற்ற முறை அது, புரட்சியும் அதைத்தானே செய்தது. சோகுரோவ் அதே படிக்கட்டில் கேமராவை வைத்துக்கொண்டு வெட்ட மாட்டேன் என்கிறார். பீட்டரும் முற்றுகையும் இன்றைய பார்வையாளரும் ஒரே மூச்சில்தான் வரவேண்டும், நடுவில் கத்தரிக்கோல் வைக்க யாருக்கும் உரிமையில்லை என்கிறார். வசனத்தில் எங்கும் இதைச் சொல்லவில்லை, நடந்தே சொல்கிறார். அதனால்தான் கதையைவிட்டுத் தொழில்நுட்பத்தை மட்டும் பாராட்டுகிறார்கள் என்று யாராவது குறைப்பட்டுக்கொண்டால் எனக்கு உடன்பாடில்லை. இந்தப் படத்தில் கதை அங்கேதான் இருக்கிறது.

"அப்போ இது மன்னர்களுக்கு ஜால்ரா போடற படம்தானே?"

இந்தக் குற்றச்சாட்டை என்னால் முழுசாகத் தள்ள முடியவில்லை. பீங்கான் தட்டுகளை அவ்வளவு நேரம் காட்டும் கேமரா அவற்றைக் கழுவியவர்களை எவ்வளவு நேரம் காட்டியது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். சோவியத் காலத்துக்கு அந்தச் சவப்பெட்டி அறையும், பழைய அருங்காட்சியக இயக்குநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு சின்னக் காட்சியும்தான். புரட்சி திரையில் வரவே இல்லை. வெட்ட மாட்டேன் என்று சொன்னவர் பெரிய வெட்டு ஒன்றைப் போட்டுவிட்டார், கதவைத் திறக்காமலே விட்டதன் மூலம்.

ஆனால் அரண்மனைக்காரர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றும் படம் காட்டவில்லை. எல்லோரும் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், யாரையோ தேடுகிறார்கள். குரலுக்கு அவர்கள்மேல் பாசம் இருக்கிறது, அது உண்மை. முழுகப்போகிற வீட்டின்மேல் வரும் பாசம்.

"கடைசில கதவைத் திறந்தா கடல் தெரியுதே. அந்த ஊர்ல அரண்மனைக்குப் பக்கத்துல இருக்கிறது ஆறுதானே?"

கேட்டவர் முப்பது வருடம் கப்பலில் போனவர், அவரை ஏமாற்ற முடியாது. ஆமாம், வெளியே ஓடுவது நேவா ஆறு. அந்தக் கடல் படத்துக்காகச் சேர்த்தது.

அதற்கு முன்னால் நடப்பதைச் சொன்னால்தான் அது விளங்கும். 1913-ன் கடைசிப் பெரிய நடன விருந்து. மேடையில் வலேரி கெர்கியெவ் நிஜமாகவே மாரீன்ஸ்கி இசைக்குழுவை நடத்துகிறார், ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்காவின் மசூர்கா என்ற நடன இசை. அது முடிந்ததும் கைதட்டல், அப்புறம் கூட்டம் மெல்ல வாசலை நோக்கி நகர்கிறது. போகலாம் வா என்று குரல் கூப்பிடுகிறது, ஐரோப்பியர் வரவில்லை, நான் இங்கேயே இருக்கிறேன் என்று நின்றுவிடுகிறார். வாழ்நாளெல்லாம் ரஷ்யாவைத் திட்டியவர். பிறகு பெரிய படிக்கட்டு. நூற்றுக்கணக்கானவர்கள் உரசிக்கொண்டு இறங்குகிறார்கள், ஒருவர் கையுறையைச் சரிசெய்கிறார், ஒரு பெண் எதையோ கேட்டுத் திரும்பிச் சிரிக்கிறாள், நாளைக்கும் இதே மாதிரி விருந்து இருக்கும் என்கிற அலட்சியம் அத்தனை முகத்திலும். நான்கு வருடத்தில் என்ன வரும் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கேமரா அவர்களோடு இறங்கி, பக்கத்தில் திறந்திருக்கும் ஒரு வாசலுக்குத் திரும்புகிறது. அங்கே புகைகிற சாம்பல் நிறத் தண்ணீர், கரை எதுவும் இல்லை. சுற்றிலும் கடல், நாம் என்றென்றும் மிதக்கவேண்டியவர்கள் என்று குரல் சொல்கிறது. மூன்றாவது கேள்வியில் பாக்கி வைத்த பேழை இதுதான்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அந்தக் கப்பல்காரர் தே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பெரிய கப்பல் துறையை விட்டுக் கிளம்பும்போது உள்ளே இருப்பவனுக்குக் கப்பல் நகர்வது தெரியாது, கரைதான் நகர்கிற மாதிரி இருக்கும் என்றார். அப்புறம், "ஆனாலும் ஆத்தையே காட்டியிருக்கலாம் தம்பி" என்றார்.